சுங்கை சிப்புட்டிலிருந்து ஆசிய நெடுஞ்சாலை: எந்த வழி, எதுவரை?

முப்பது வருடம் செம்பனை எண்ணெய் டேங்கர் ஓட்டியவன் நான். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் இ1 என்ற பலகைக்குப் பக்கத்திலேயே சின்னதாக இன்னொன்று இருக்கும்: ஏஎச் 2. ஓட்டத் தொடங்கிய புதிதில் அது ஏதோ அரசாங்கக் கணக்கு நம்பர் என்றுதான் நினைத்திருந்தேன். அது ஆசிய நெடுஞ்சாலை எண் 2 என்று பிறகு தெரிந்தது. பாலியில் டென்பசாரில் தொடங்கி ஈரானில் ஈராக் எல்லைவரை போகிறது. பத்து நாடுகள், 13,000 கிலோமீட்டருக்கு மேல். அதில் ஒரு துண்டு மலேசியாவில் நம் பேராக் மாநிலம் வழியாகப் போகிறது. எங்கள் ஊருக்குள் ஓடுவது பழைய ரோடு. கோலகங்சார் டோலில் ஏறினால் நாமும் அந்தப் பாதையில்தான் இருக்கிறோம்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு இதுதான்: அந்தப் பலகையைப் பிடித்துக்கொண்டே இந்தியாவரை போக முடியுமா? மச்சான் கூட வருகிறார், என் மனைவி வருகிறார். அம்மாவுக்கு 84 வயது, அவரும் வருகிறேன் என்கிறார். எங்கள் பூர்வீகம் நாமக்கல் பக்கம். ஐந்து மாதம் விசாரித்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். இதே எண்ணத்தில் தோட்டப் பக்கத்துக் குடும்பங்கள் வேறு சிலரும் இருப்பதால், எதை எப்படி எடைபோட்டோம் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும். ஏஎச் 2 என்பது யாரோ ஒருவர் புதிதாகப் போட்ட சாலை இல்லை. ஒவ்வொரு நாட்டிலும் ஏற்கெனவே இருந்த சாலைகளைச் சேர்த்து ஒரே நம்பர் கொடுத்திருக்கிறார்கள். ஐக்கிய நாட்டுச் சபையின் கீழ் 1959-இல் தொடங்கிய யோசனை. நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தம் 2003-இல் ஏற்கப்பட்டு, 2005 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. நம்பர் ஒன்றாக இருந்தாலும் சட்டம் ஒன்றில்லை. கடலும் இடையில் வருகிறது: பாலிக்கும் ஜாவாவுக்கும் நடுவில் ஃபெர்ரி, ஜாவாவிலிருந்து சிங்கப்பூருக்குப் பாலமே கிடையாது. ஜொகூர் பாலம் 1924-இலேயே கட்டியதால் நம் பக்கம் பிழைத்தது. ஆகவே வரைபடத்தில் கோடு தொடர்ந்து போகிறது என்பதற்காகக் காடியும் தொடர்ந்து போகும் என்று நம்பிவிடக் கூடாது.

இன்னொன்று எனக்கு நிஜமாகவே ஏமாற்றமாக இருந்தது. ஏஎச் 2 தமிழ்நாட்டுக்குப் போகவே இல்லை. மணிப்பூரில் இந்தியாவுக்குள் நுழைந்து, அஸ்ஸாம், மேகாலயா, பங்களாதேஷ், நேப்பாளம், டில்லி, பிறகு பாகிஸ்தான் என்று வடக்கோடு போய்விடுகிறது. நாமக்கல்லுக்குப் போக வேண்டுமானால் கொல்கத்தாவில் ஏஎச் 45-ஐப் பிடித்துச் சென்னை வழியாகக் கிருஷ்ணகிரி வரவேண்டும், அங்கிருந்து ஏஎச் 43. இந்த 43 ஆக்ராவில் கிளம்பிச் சேலம், நாமக்கல், மதுரை வழியாகத் தனுஷ்கோடிவரை வந்து, கடலைத் தாண்டி இலங்கையில் மாத்தறை போய் முடிகிறது. தாத்தாவின் கிராமம் ஒரு ஆசிய நெடுஞ்சாலையின் ஓரத்தில், பேரனின் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு இன்னொன்றின் ஓரத்தில். இதைக் கண்டுபிடித்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

சரி, வழிகளுக்கு வருவோம்.

மனசுக்கு முதலில் பிடித்தது நேர் வழிதான். புக்கிட் காயு ஈத்தாம், ஹாட்யாய், பேங்காக், தாக், மே சோட். ஆற்றைத் தாண்டினால் பர்மாவின் மியாவாடி. பிறகு மண்டலே, தாமு, மணிப்பூரின் மோரே. மே சோட்டிலிருந்து மோரேவரை இந்தியா, மியன்மார், தாய்லாந்து மூன்றும் சேர்ந்து திட்டமிட்ட முத்தரப்பு நெடுஞ்சாலை மொத்தம் 1,360 கிலோமீட்டர்தான். நான் ஒரு வாரத்தில் அதைவிட அதிகம் ஓட்டியிருக்கிறேன்.

மோரேயைப் பற்றித் தெரிந்ததும் ஆசை இரட்டிப்பானது. 1962-இல் பர்மா ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்த பிறகு, கடை கண்ணிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டதால் லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கிளம்பினார்கள். கப்பலில் தமிழ்நாடு வந்த சிலருக்கு அங்கே காலூன்ற முடியவில்லை. பிறந்த மண்ணுக்கே திரும்பிவிடலாம் என்று வடகிழக்கு மூலைவரை வந்தார்கள். எல்லையில் உள்ளே விடவில்லை. அங்கேயே தங்கிவிட்டார்கள். இன்றைக்கும் மோரேயில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்காள பரமேசுவரி கோயில் இருக்கிறது. நாம் தோட்டத்தை விட்டு வந்து தாமானில் குடியேறியது போலத்தான், அவர்கள் எல்லைக் கோட்டின் ஓரத்தில் ஊர் கட்டிக்கொண்டார்கள். அந்தக் கோயில் வாசலில் காடியை நிறுத்தி ஒரு சூடம் ஏற்றவேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

ஆனால் இன்றைய நிலையில் இந்த வழி கிடையாது. எவ்வளவு அனுபவம் உள்ள டிரைவராக இருந்தாலும் கிடையாது. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து மியன்மாரில் உள்நாட்டுப் போர். மியாவாடிக்காகவே 2024-இல் சண்டை நடந்தது. அந்தப் பக்கம் மோரே இருக்கும் மணிப்பூரில் 2023 மே மாதம் கலவரம் வெடித்தது, அதில் மோரேயும் எரிந்தது. 2013-இல் மியன்மார் தன் தரை எல்லைகளை வெளிநாட்டவருக்குத் திறந்துவிட்டபோது பலர் இந்த வழியில் காடி ஓட்டிப் போனார்கள். 2018-இல் தாமு, மோரே எல்லையையும் முறையாகத் திறந்தார்கள். அந்தச் சமயத்தில் நான் போயிருக்க வேண்டும். டேங்கர் லீவு கொடுக்கவில்லை.

நிலைமை சரியானாலும் இந்தத் துண்டு சும்மா ஓட்டிக்கொண்டு போகிற துண்டு இல்லை. அப்போதே ஏஜென்சி மூலம் அனுமதி, கூடவே ஒரு வழிகாட்டி கட்டாயம். தவிர, பர்மாவில் 1970-இலிருந்து வலப்பக்கம் ஓட்டுகிறார்கள். நம் காடிக்கு ஸ்டீரிங் வலப்பக்கம். முந்த வேண்டுமானால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எட்டிப் பார்த்து 'போ' என்று சொல்ல வேண்டும். மலைப்பாதையில் அது விளையாட்டில்லை.

இரண்டாவதாக, பர்மாவைச் சுற்றிக்கொண்டு போகும் வழி. தாய்லாந்தின் வடக்கே சியாங் கோங்கில் மேகோங் ஆற்றின் மேல் பாலம் இருக்கிறது, 2013 டிசம்பரில் திறந்தது. அதைத் தாண்டி லாவோஸ், போட்டன் எல்லை, சீனாவின் யுன்னான், திபெத், நேப்பாளம், இந்தியா. மச்சானுக்கு இதுதான் பிடித்தது, படங்களைக் காட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு ஒத்துவரவில்லை. சீனாவில் நம் லைசென்ஸும் நம்பர் பிளேட்டும் செல்லாது, இரண்டுக்கும் தற்காலிகமாக வேறு எடுக்க வேண்டும். நாடு முழுவதும் வழிகாட்டி கூடவே வருவார், அவருக்குச் சாப்பாடும் தங்குமிடமும் நம் கணக்கு. திபெத்துக்குத் தனி அனுமதி. கணவாய்கள் 5,000 மீட்டருக்கு மேலே. கேமரன் மலையிலேயே மூச்சு வாங்கும் அம்மாவை அங்கே கூட்டிப்போக முடியாது. அதோடு, நேப்பாள எல்லையில் ரசுவாகடி பாலத்தை 2025 ஜூலை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. ஒரு பாலம் போனால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வீண் என்றால், அது வயதானவர்களோடு போகும் வழி இல்லை. நாற்பது வயதில், கையில் காசும் மூன்று மாத லீவும் இருப்பவர்கள் தாராளமாக யோசிக்கலாம்.

மூன்றாவது, கப்பல். இதைக் கேட்டதும் அம்மாவின் முகம் மலர்ந்தது. நம் பெரியவர்கள் பலருக்குக் கப்பல் என்றால் ராஜுலாதான். 1926-இலிருந்து 1973 வரை அது சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று ஓடியது. அதற்குப் பிறகு சிதம்பரம் ஓடியது, 1985-இல் தீப்பிடித்ததோடு அதுவும் நின்றது. இன்று நாம் ஏறிப் போகக் கப்பல் கிடையாது. காடியை மட்டும் கிள்ளானில் கன்டெய்னரில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பிவிட்டு நாம் விமானத்தில் போகலாம்.

இதற்குக் கார்னே என்ற ஆவணம் வேண்டும். சுருக்கமாகச் சொன்னால் அது காடிக்கான பாஸ்போர்ட். "இந்தக் காடியை விற்காமல் திருப்பிக் கொண்டுவந்துவிடுவேன்" என்று சத்தியம் செய்வது போல, காடியின் மதிப்பைப் பொறுத்து ஒரு தொகையைப் பிணையாகக் கட்ட வேண்டும். இந்தியாவில் ஆறு மாதம்வரை வரியில்லாமல் ஓட்டலாம். பிணைத் தொகை திரும்பக் கிடைக்கும், ஆனால் திரும்பும்வரை நம் சேமிப்பு அதில் முடங்கிக் கிடக்கும். அப்புறம் கன்டெய்னர் வாடகை, இரண்டு பக்கமும் ஏஜென்ட், துறைமுகத்தில் கிடக்கும் நாட்களுக்குக் கட்டணம். இரண்டு மாதம் தங்கி இந்தியா முழுக்கச் சுற்றப் போகிறவர்களுக்கு இது கட்டுபடியாகும். மூன்று வாரம் நாமக்கல்லில் இருந்துவிட்டு வருவதற்கு, துறைமுகத்தில் காத்திருக்கும் நேரமே பாதி லீவைத் தின்றுவிடும்.

நான்காவது விமானம். இதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஏனென்றால் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பினாங்கிலிருந்தே சென்னைக்கு நேரடி விமானம் 2024 டிசம்பரில் தொடங்கியது. சென்னையில் டிரைவரோடு ஒரு காடி எடுத்தால் சாயங்காலம் நாமக்கல். சொந்தக்காரர்களைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் இதை விடச் சரியான வழி கிடையாது. சாலை மேல் உள்ள ஆசைக்காக அதை ஒதுக்கிவிடக் கூடாது.

இந்த நான்கையும் பேசி முடித்து, ஏறக்குறைய விமான டிக்கெட் போடப் போன நேரத்தில்தான் அம்மா ஒன்று கேட்டார். "அந்த ரோடு சயாம் வழியாத்தான போவுதுன்ன? அப்ப எங்கப்பா இருக்கற எடத்துக்குப் போவாதா?"

தாய்லாந்தைத்தான் அம்மா சயாம் என்பார். எங்கள் வீட்டில் இது பேசப்படாத விஷயம். 1943-இல் அம்மாவுக்கு இரண்டு வயது. தாத்தா இங்கே பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க மரம் வெட்டிக்கொண்டிருந்தார். பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) நின்ற ஆட்களில் இத்தனை பேர் வேண்டும் என்று ஜப்பான்காரர்கள் எடுத்தார்கள், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்களாம். திரும்பவில்லை. எங்கே, எந்த முகாமில், காலராவா, பட்டினியா, எதுவும் தெரியாது. அவருடைய மரம் வெட்டும் கத்தியைப் பாட்டி ஒரு பழைய துண்டில் சுற்றிக் கடைசிவரை வைத்திருந்தார். இப்போது அம்மாவின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. வளைந்த நுனி துருப்பிடித்துவிட்டது, கைப்பிடி மட்டும் பிடித்துப் பிடித்து இன்னும் வழவழப்பாக இருக்கிறது.

சயாமில் பான் போங்கிலிருந்து பர்மாவில் தன்பியூசயாத்வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதையை ஜப்பானிய ராணுவம் 1942-இல் போட ஆரம்பித்தது. 1943 அக்டோபர் 17-இல் இரண்டு பக்கத்துத் தண்டவாளமும் சேர்ந்தது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள், 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அதைப் போலப் பல மடங்கு, அவர்களில் இறந்தவர்கள் சுமார் 90,000 என்று பொதுவாக மதிப்பிடுகிறார்கள். அதில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஏராளம். அந்த ரயில் பாதை ஓரத்துத் தாய்லாந்து ஊரான காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, ஏறத்தாழ 7,000 கல்லறைகள், பலவற்றில் பெயரோடு. நம் ஆட்களுக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது.

ஆனால் ஒன்று இருக்கிறது. குவாய் ஆற்றுப் பாலத்துக்கு அருகில் 1944 பிப்ரவரியில் ஜப்பானிய ராணுவமே ஒரு நினைவுத் தூண் எழுப்பியது. அதைச் சுற்றிப் பல மொழிகளில் கல்வெட்டு வைத்தார்கள். அதில் ஒன்று தமிழ். யார் இறந்தார்கள் என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை. தாத்தாவின் பெயர் அதில் இருக்காது. அவர் மொழி இருக்கிறது. அம்மா தமிழ்ப் பள்ளியில் ஆறாவதுவரை படித்தவர், அதைத் தொட்டுப் படிக்க முடியும்.

அன்றோடு கணக்கு மாறிவிட்டது. ஏஎச் 2-இல் இன்றைக்குத் தடையில்லாமல் ஓட்டக்கூடிய துண்டின் ஓரத்தில்தான் நாங்கள் போகவேண்டிய இடமே இருக்கிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து எல்லைவரை ஏறத்தாழ 270 கிலோமீட்டர், ஹாட்யாய் இன்னொரு 60. அங்கிருந்து பத்தலுங், சும்போன், ஹுவா ஹின் வழியாகப் பேங்காக்குக்கு முன்னாலேயே மேற்கே திரும்பினால் காஞ்சனபுரி. மொத்தம் சுமார் 1,300 கிலோமீட்டர். தாய்லாந்தும் நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டுகிற நாடு. சாலை பெரும்பாலும் இரண்டு பக்கமும் இரண்டு தடங்கள், நடுவில் தடுப்பு. என் மைவி கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும், போக வர 2,600-க்கு 175 லிட்டர் பெட்ரோல், உள்ளூர் ஓட்டத்துக்குக் கொஞ்சம் கூட. கார்னே வேண்டாம், வழிகாட்டி வேண்டாம்.

ரயிலையும் பார்த்தோம், நியாயமாகப் பார்க்க வேண்டிய வழி அது. எங்கள் ஊர் ஸ்டேஷனிலேயே இடிஎஸ் மின்சார ரயில் நிற்கிறது. பாடாங் பெசாரில் மாறினால் பேங்காக் ரயிலில் படுக்கை வசதி, நக்கோன் பத்தோமில் இறங்கினால் காஞ்சனபுரி பக்கம். 84 வயது முழங்காலுக்குக் காடியைவிடப் படுக்கைதான் சுகம் என்று என் மனைவி சொன்னதில் தப்பே இல்லை. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "எங்கப்பாவ ரயில்லதான் சாமான் ஏத்தற மாதிரி ஏத்திக்கிட்டுப் போனாங்களாம். நான் ரயில்ல வரமாட்டேன். நீ ஓட்டு, நான் உக்காந்துக்கறேன்." சரக்கு ரயில் பெட்டிகளில் அடைத்துத்தான் பான் போங்வரை கொண்டுபோனார்கள் என்பது வரலாறு. நாங்கள் மேலே பேசவில்லை. ஒரே நாளில் ஓட்டாமல் மூன்று நாளாகப் பிரித்துக்கொண்டோம். முதல் இரவு ஹாட்யாய், இரண்டாவது சும்போன், மூன்றாவது காஞ்சனபுரி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தி அம்மாவை நடக்க வைக்க வேண்டும்.

நாமக்கல்லை விட்டுவிடவில்லை. அது தனிப் பயணம், விமானத்தில், ஆடி முடிந்த பிறகு. இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டதால்தான் ஐந்து மாதமாகக் குழம்பிக்கொண்டிருந்தோம் என்று இப்போது புரிகிறது. மோரே கோயிலுக்கு அந்த எல்லை அமைதியான பிறகு போவேன், அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

இதே துண்டை ஓட்ட நினைப்பவர்கள் தாள்களில் மட்டும் அலட்சியம் காட்டாதீர்கள். சில வருடங்களுக்கு முன் ஹாட்யாய்க்கு மகனின் காடியை எடுத்துக்கொண்டு போனேன். தாய்லாந்து எல்லையில் சாடாவோ கவுன்டரில் அதிகாரி கிராண்டில் (காடியின் பதிவுத் தாளில்) இருந்த பெயரை விரலால் தட்டினார், பிறகு என் பாஸ்போர்ட்டில் இருந்த பெயரைத் தட்டினார். சொந்த மகன் என்று எவ்வளவு சொல்லியும் கடிதம் இல்லாமல் விடவில்லை, திரும்பி வந்தோம். காடி வேறொருவர் பெயரில் இருந்தால் அவர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் வேண்டும். வங்கிக் கடனில் இருந்தால் வங்கியின் கடிதம். தாய்லாந்து இன்சூரன்ஸ் எல்லைக்கு முன்னாலேயே கடைகளில் எடுத்துவிடலாம். காடியைத் தற்காலிகமாகக் கொண்டுவந்ததற்குச் சுங்கத்தில் கொடுக்கும் தாளைத் தொலைத்துவிடாதீர்கள், திரும்பும்போது கேட்பார்கள். 2025 மே முதல் ஆட்களுக்கான வருகை அட்டையை இணையத்திலேயே முன்கூட்டி நிரப்ப வேண்டும், பழைய வெள்ளைத் தாள் கிடையாது.

ஹாட்யாயிலிருந்து நராத்திவாட் பக்கம் திரும்பும் ஏஎச் 18-ஐ இந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள், பத்தானி, யாலா, நராத்திவாட் ஆகிய மூன்று மாவட்டங்களில் இன்னும் பதற்றம் இருக்கிறது. நவம்பர், டிசம்பரில் தெற்குத் தாய்லாந்தில் மழையும் வெள்ளமும். ஏப்ரல் நடுவில் சொங்கிரான் புத்தாண்டு, பேங்காக்கிலிருந்து எல்லாரும் ஊருக்குக் கிளம்புவார்கள், சாலை நிரம்பிவிடும். நாங்கள் தைப்பூசம் முடிந்து, சீனப் பெருநாள் கூட்டம் அடங்கியதும் கிளம்புகிறோம்.

காஞ்சனபுரியில் மூன்று நாள். முதல் நாள் தூண். இரண்டாவது நாள் ஹெல்ஃபயர் பாஸ், ஊரிலிருந்து 80 கிலோமீட்டர், பாறையைக் கையால் வெட்டித் திறந்த இடம். அங்கே 1998-இல் திறந்த நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. கீழே இறங்கப் படிகள் அதிகம், அதனால் அம்மா மேலேயே என் மனைவியோடு இருப்பார், நானும் மச்சானும் இறங்குவோம். மூன்றாவது நாளை ஒன்றும் போடாமல் விட்டிருக்கிறேன். அம்மாவுக்குத் திரும்பவும் தூணுக்குப் போகத் தோன்றினால் போகலாம்.

அந்தக் கத்தியை எடுத்துப் போகலாமா என்று அம்மா கேட்டார். எல்லையில் கத்தி என்றால் கேள்வி வரும், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தாத்தா சுருட்டுப் பிடிப்பார் என்று பாட்டி சொன்னதை ஞாபகப்படுத்தினார். நேற்று பழைய ரோட்டில் இருக்கும் சாமான் கடையில் ஒரு கட்டு வாங்கி, கிராண்டும் இன்சூரன்ஸும் இருக்கும் அதே பையில் வைத்திருக்கிறேன்.